முப்பத்தொரு பின்னூட்டங்கள்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே வரிசையாக இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் மூன்றாவது, அர்ஜுனன் கடை. வாசலில் ஜெராக்ஸ் மிஷின், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் பிர்தௌஸ். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கென்றே அவள் ஒரு முகம் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை.

திங்கட்கிழமை குறைதீர்வு நாள். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்தும் செங்கம் பக்கமிருந்தும் காலை பஸ்ஸிலேயே ஜனங்கள் வந்து இறங்கிவிடுவார்கள். பட்டா கேட்பவர், பென்ஷன் நின்றுபோனவர், வரப்பைத் தள்ளிப் போட்ட பங்காளியைப் பற்றிச் சொல்ல வந்தவர். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் பிர்தௌஸ் அடித்து முடித்திருப்பாள். வீட்டில் பேசுவது உருது, எழுதுவது தமிழ். அந்த வரிசையில் தமிழில் அவள் வேகத்துக்கு ஆளில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இந்த மனுக்களில் அடங்காத மிச்சக் கதையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் 2009இல் அவள் வலைப்பூ தொடங்கினாள். பெயர் ‘மனு எழுதுகிறவள்’. தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ‘நகல்’. ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வேறென்ன பெயர் வரும்! அண்ணன் அப்சலுக்குக்கூட இது தெரியாது. தெரிந்தால் அவர் திட்டமாட்டார். அதைவிட மோசம், பெருமையாகப் பஜார் முழுக்கச் சொல்லிவிடுவார். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறாள் என்றாலும், தன் கதை வெளியே போகிறது என்று தெரிந்தால் எந்த மனுஷன் அவள் முன்னால் வந்து வாய் திறப்பான்?

எங்கே எழுதுவது என்பதில் அவள் பிடிவாதம் அலாதி. பிளாக்ஸ்பாட்தான். கூட எழுதிய பதிவர் நண்பர்கள் பாதிப் பேர் வேர்ட்பிரஸ் அழகு என்று அங்கே ஓடினார்கள். இவளும் ஒரு வாரம் போய்ப் பார்த்தாள். புது வீட்டில் சுவிட்சு எங்கே இருக்கிறதென்று தடவிக்கொண்டிருப்பது போல இருந்தது, திரும்பி வந்துவிட்டாள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து போடுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. திறந்ததும் தானாகப் பாட்டுப் பாடுகிற பக்கங்களை அறவே பிடிக்காது. இத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரத்தில் எண் ஓடவிடுவது அற்பத்தனம் என்பாள், ஆனால் உள்ளே போய்த் தன் எண்ணைத் தினமும் பார்ப்பாள்.

பிறகு எல்லாரும் பேஸ்புக் போனார்கள். சென்னையில் பேங்க் வேலையிலிருந்த கண்ணாயிரம் மட்டும் போகும்போது சொல்லிக்கொண்டு போனார். “நகல், நீங்களும் வந்துடுங்க. இங்க இனிமே ஈ, காக்கா இருக்காது” என்று எழுதினார். இவள் போகவில்லை. அங்கே போனால் சொந்தப் பெயர், சொந்த முகம், அண்ணனின் மச்சான், அவர் நண்பர்கள் என்று வரிசையாக வந்து நிற்பார்கள். தவிர, காலையில் எழுதியது சாயங்காலம் எங்கே போனதென்று தெரியாத இடத்தில் எழுதுவதற்கு அவளுக்கு மனசு ஒப்பவில்லை. நட்பு வேண்டுமென்றால் தேடிக்கொண்டு வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். யாரும் வரவில்லை. ஒருத்தியைத் தவிர.

அவள் பெயர் உண்ணாமலை. அது நிஜப்பெயர்தான். நாக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ், வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகன் வளவனோடு இருக்கிறாள், அக்கம்பக்கத்தில் தமிழ் பேச ஆளில்லை. பெற்றவர்கள் இங்கே வேண்டிக்கொண்டு பிறந்தவளென்பதால் அம்மன் பெயர். ஆனால் அவள் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. இதெல்லாம் அவளே பின்னூட்டங்களில் எழுதியது. அவளுக்கென்று வலைப்பூ கிடையாது. மின்னஞ்சல் முகவரி தரவில்லை, இவளும் கேட்கவில்லை. பதிவுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வாசல்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள் காலையில் பிர்தௌஸ் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் போய்வருவாள். லட்சம் பேர் நடந்துபோன பாதை மறுநாள் எப்படிக் கிடக்கும் என்று பார்த்து, அதையும் அந்த மாத மனுக்களையும் சேர்த்து ஒரு பதிவு போடுவாள். மாதம் ஒன்றுதான். உண்ணாமலை அதை ஒரேயடியாகப் படிக்கமாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, பலகாரம் தீர்ந்துவிடக் கூடாதென்று சாப்பிடும் குழந்தை மாதிரி மாதம் முழுக்கப் படிப்பாள். அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் பின்னூட்டம் வரும். “நகலம்மா, முடிச்சுட்டேன். அடுத்தது போடுங்க” என்று கடைசி வரி இருக்கும். எட்டு வருஷம் ஒரு மாதம் தவறவில்லை.

2019 நவம்பரில் பிர்தௌஸின் அம்மா முன்னி பேகம் இறந்துபோனார். அந்த மாதப் பதிவில் மலையும் இல்லை, மனுவும் இல்லை. அம்மாவைக் குளிப்பாட்டியது, கஃபன் துணி சுற்றியது, ஜனாஸா தொழுகை முடிந்து தூக்கிக்கொண்டு போனபோது அப்சல் நடக்க முடியாமல் நின்றது, எல்லாவற்றையும் எழுதினாள். பத்து வருஷத்தில் முதல்முறையாகத் தான் யார் வீட்டுப் பெண் என்பது பதிவில் தெரிந்தது. எழுதும்போது அவள் அதை யோசிக்கவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் செய்தாள். பழைய பதிவுகளின் கீழே கண்ட கண்ட விளம்பரக்காரர்கள் வந்து கண்றாவியெல்லாம் ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவைப் பற்றி எழுதிய இடத்தில் அந்த அசிங்கம் வந்து உட்காரக் கூடாதென்று, இரண்டு வாரத்துக்கு மேல் பழசான பதிவுக்கு வருகிற பின்னூட்டங்களைத் தான் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிட வேண்டும் என்று அமைப்பை மாற்றினாள். கடையில் திங்கட்கிழமைக் கூட்டம், அர்ஜுனன் வாசலிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். அவசரமாக மாற்றிவிட்டு மூடினாள். பின்னூட்டம் வந்திருப்பதாகத் தகவல் போகிற மின்னஞ்சலோ, கடவுச்சொல் மறந்துபோய் அவள் எப்போதோ கைவிட்ட பழைய முகவரி. அன்றைக்கு அவள் இருந்த நிலையில், மறுநாளே அதையெல்லாம் சுத்தமாக மறந்துபோனாள்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. பிர்தௌஸ் காலையிலிருந்து பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

உடம்புக்கு ஏதாவதோ என்று முதலில் கவலைப்பட்டாள். பிறகு ஒருநாள், யாருடைய பென்ஷன் மனுவையோ அடித்துக்கொண்டிருக்கும்போது, சட்டென்று அவளுக்கு வேறொன்று புரிந்தது போலிருந்தது. கடைசியாக உண்ணாமலை படித்திருக்கக்கூடியது ஜனாஸா பதிவு. அதுவரை நகலம்மா நகலம்மா என்று உருகியவள், துலுக்க வீட்டுப் பெண் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அம்மா செத்ததற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி நடக்காததா? வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடங்களில் பெயரைக் கேட்டதும் மாறிய முகங்களை அவள் பார்க்காதவளா? அந்த நிமிஷத்திலிருந்து வேறு காரணமே இருக்க முடியாதென்று முடிவுகட்டிவிட்டாள். ரோஷம் வந்துவிட்டால் பிர்தௌஸுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் உனக்காகத்தான் எழுதினேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமே! உள்ளே போய் எண் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள், பதிவைப் போட்டதும் வேறெதையும் பார்க்காமல் மூடிவிடுவாள். கொரோனா வந்து கிரிவலத்தைத் தடை செய்தபோது, போலீஸ் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று காலிப் பாதையை எழுதினாள். இரண்டு வருஷம் அந்தக் காலிப் பாதைதான். பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. மறுபடி கூட்டம் வந்த பிறகு, 2022 மே மாதம், ஒரே ஒரு வரியில் ஒரு பதிவு போட்டாள். “யாரும் படிக்காத இடத்தில் எழுத எனக்கென்ன பைத்தியமா?” அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் கலெக்டருக்கு மட்டும்தான்.

இரண்டு வருஷம் போனது. போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு போன் வந்தது. கண்ணாயிரம். பதிவர் காலத்தில் எப்போதோ கொடுத்த கடை நம்பரை மனுஷன் இன்னும் வைத்திருந்தார்.

“என்னங்க நகல், ரிட்டயர் ஆயிட்டேன். வேலை இல்ல, பழசெல்லாம் எடுத்துப் படிச்சுட்டு இருக்கேன். உங்க பதிவுல ரெண்டு பின்னூட்டம் போட்டேன். வரவே மாட்டேங்குது. உரிமையாளர் பார்த்த பிறகுதான் தெரியும்னு வருது. என்ன, அவ்ளோ பெரிய ஆளாயிட்டீங்களா?”

“அப்படில்லாம் ஒண்ணும் இல்லீங்களே. இருங்க பார்க்கறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து பிளாக்ஸ்பாட்டின் உள்பக்கத்தைத் திறந்தாள். பின்னூட்டங்கள் என்று ஓரத்தில் இருந்ததை அழுத்தினாள். விளம்பரக் குப்பையெல்லாம் தானாகவே தனியே ஒதுங்கியிருக்க, அனுமதிக்காகக் காத்திருப்பவை என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. மேலே கண்ணாயிரத்தின் இரண்டு. அதற்குக் கீழே முழுக்க ஒரே பெயர். உண்ணாமலை, உண்ணாமலை, உண்ணாமலை. எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று. அம்மாவைப் பற்றி எழுதியதிலிருந்து அவள் போட்ட முப்பத்தொரு பதிவுக்கும் ஒவ்வொன்று.

பட்டியலின் கடைசிக்குப் போய் முதலாவதைத் திறந்தாள். 2019 டிசம்பர்.

“நகலம்மா, மூணு நாளா இந்தப் பதிவை வெச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கேன். ஆறுதல் சொல்லத் தெரியலை. அம்மா சிவலோகம் போய்ச் சேர்ந்திருப்பாங்க. சாப்பிடாம கிடக்காதீங்க.”

அடுத்த மாதம்: “போன மாசம் எழுதினது வரலையே. அப்புறம்தான் உறைச்சுது. உங்க முறை வேற, நான் பாட்டுக்கு சிவலோகம்னு எழுதிட்டேன். மன்னிச்சுடுங்க. நீங்க முஸ்லிம் வீடுன்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும். நோன்புக் கஞ்சியைப் பத்தி அப்படி வேற யாரு எழுதுவாங்க? நீங்களா சொல்றப்ப சொல்லட்டும்னு கேட்கலை. தெரிஞ்சும் தப்பா எழுதிட்டேனே.”

பிர்தௌஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். அர்ஜுனன் உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன பிர்தௌஸ்மா, கரண்ட் போச்சா?” என்றார். இல்லை என்று தலையாட்டினாள்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். உண்ணாமலைக்கு ஒவ்வொரு மாதமும் அந்த அறிவிப்பு வந்திருக்கிறது, உரிமையாளர் பார்த்த பிறகுதான் தெரியும் என்று. அவள் அதை அப்படியே நம்பியிருக்கிறாள். நகலம்மா எல்லாவற்றையும் படிக்கிறாள், படித்துவிட்டு வெளியே விடாமல் வைத்துக்கொள்கிறாள், கோபம் இன்னும் தீரவில்லை என்று. “நீங்க வெளியிட வேணாம். படிச்சா போதும்” என்று ஒன்றில் இருந்தது. “காலி ரோட்டைப் பத்தி இவ்ளோ எழுத முடியுமா! முடிச்சுட்டேன். அடுத்தது போடுங்க” என்று இன்னொன்றில் இருந்தது. ஆறேழு மாதம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு அதையும் நிறுத்திவிட்டு, பழையபடி பதிவைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள்.

2022 ஏப்ரல், சித்ரா பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால்:

“இந்தத் தடவை சீக்கிரமே எழுதறேன், ரயிலைப் பிடிக்கணும். சுகர் கண்ணுக்கு வந்துடுச்சு. ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள பார்க்க வேண்டியதைப் பார்த்துடணும். மலையை ஒரு தடவை, உங்களை ஒரு தடவை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில நீங்க அடி அண்ணாமலை வருவீங்கள்ல? கோயிலுக்கு எதிர்ல உட்கார்ந்திருப்பேன். மாம்பழ மஞ்சள் சேலை. கோவமா இருந்தா பேச வேணாம், வந்து நின்னுட்டுப் போங்க.” கீழே வளவனின் போன் நம்பர்.

அதற்கடுத்தது மே மாதம்: “மலையைப் பார்த்துட்டேன். நீங்க எழுதின மாதிரியேதான் இருக்கு. ஆறு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். புர்கா போட்டவங்க ரெண்டு பேர் போனாங்க. ரெண்டு தடவையும் எழுந்து நின்னேன். அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. பரவால்ல.”

பிர்தௌஸ் புர்கா போடுகிற வழக்கமில்லை. சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் அங்கே போயிருந்தாள். எட்டரை மணி இருக்கும். கோயிலுக்கு எதிரே எத்தனையோ பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் சேலை ஒன்று இருந்ததா என்று நினைவைப் பிராண்டிப் பார்த்தாள். இருந்திருக்கலாம். அவள் எதிரிலேயே நடந்துபோயிருக்கலாம். அந்தப் பதிவைத் திறந்து பார்த்தாள். குப்பை வண்டியைப் பற்றி எழுதியிருந்தாள்.

கடைசிப் பின்னூட்டம் அவளுடைய அந்த ஒருவரிப் பதிவுக்கு வந்தது. யாரும் படிக்காத இடத்தில் எழுத எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டிருந்தாளே, அதற்கு.

“நான் படிக்கிறேனே.”

அவ்வளவுதான் இருந்தது.

பிர்தௌஸ் அங்கேயே உட்கார்ந்து அந்த நம்பரைப் போட்டாள். யோசித்தால் போடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நாலைந்து மணி அடித்த பிறகு ஒரு ஆண்குரல், “ஹலோ, கோன்?” என்று யாரென்று இந்தியில் கேட்டது.

“உண்ணாமலையம்மா இருக்காங்களா? நான் திருவண்ணாமலையிலருந்து பேசறேன். நகல்னு சொல்லுங்க.”

 பேசியது வளவன். “இப்பதான் ஞாபகம் வந்துச்சுங்களா?” என்றான். “ஒரு பகல் ஒரு ராத்திரி ரயில்ல கூட்டிட்டு வந்தேங்க. நாலு மணி நேரம் வெயில்ல உட்கார்ந்திருந்தாங்க. போலாம்மான்னா, இன்னும் அஞ்சு நிமிஷம்டான்னாங்க. அந்த ஆடி மாசமே ரெண்டு கண்ணும் போயிடுச்சு.”

“தம்பி, நான் பார்க்கவே இல்லப்பா. சத்தியமா ஒண்ணுகூடப் பார்க்கலை. இன்னைக்குதான் பார்த்தேன்.”

 போன் கைமாறியது.

“நகலம்மாவா?” பதின்மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டாள். நினைத்ததைவிட மெல்லிய குரல்.

“அக்கா, நீங்க எழுதினதெல்லாம் உள்ளயே தங்கிடுச்சுக்கா. கண்டவன் வந்து கண்டதை எழுதறான்னு நான்தான் பூட்டு போட்டேன். போட்டதையே மறந்துட்டேன். நீங்கதான் என்னை விட்டுட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.”

“அப்ப சிவலோகம்னு எழுதினதுக்குக் கோவம் இல்லையா?”

“இல்லக்கா.”

“அப்பாடா” என்றாள் உண்ணாமலை. அது ஒன்றுக்காகத்தான் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் போல இருந்தது. நீ என்ன நினைத்தாய், ஏன் நான் விட்டுவிட்டதாக நினைத்தாய் என்று அவள் கேட்டிருந்தால் பிர்தௌஸ் என்ன சொல்லியிருப்பாளோ. நல்லவேளை, கேட்கவில்லை. “சரி அது போகட்டும். இந்த ரெண்டு வருஷமா நிறைய எழுதியிருப்பீங்க. இவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீங்களே ஒண்ணு படிச்சுக் காட்டுங்களேன். போன பௌர்ணமி எப்படி இருந்துச்சு?”

பிர்தௌஸ் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். அந்த ஒருவரிக்கு மேலே எதுவுமில்லை.

“ஒண்ணும் எழுதலைக்கா.”

“ரெண்டு வருஷமாவா?”

“ஆமா.”

 உண்ணாமலை சிரிப்பது கேட்டது. குத்திக்காட்டுகிற சிரிப்பில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டவளின் சிரிப்பு.

“நல்லதாப் போச்சு போங்க. கண்ணு போனதுலருந்து இந்நேரம் நகலம்மா என்ன எழுதியிருப்பாங்க, எவ்ளோ போயிருக்கும்னு இதையே நினைச்சுட்டுக் கிடந்தேன். அப்ப எனக்கு ஒண்ணும் விட்டுப்போகலை.”

 பிர்தௌஸ் மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். கடையில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்கவில்லை. வாசலில் அர்ஜுனன் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போனில் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

“வளவா, லைன் கட்டாயிடுச்சாடா? பாரு.”

“இல்லம்மா. இருக்காங்க.”